இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இல்லே?

டோக்கியோவின் கிழக்குப் பக்கம், எடொகாவா வார்டில், நிஷி கஸாய் என்று ஒரு பேட்டை. 1979-ல் திறந்த ரயில் ஸ்டேஷன். கம்ப்யூட்டர் வேலைக்காக வந்த நம்மவர்கள் இங்கே நிறையப் பேர். துவரம்பருப்புக்கும் மசாலா சாமானுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கணவர் ஆபீஸ் கிளம்பியதும், எதிர்வீட்டு ஜப்பானியப் பெண்மணியிடம் நாலு வார்த்தை பேசுவதற்கு? அதற்குக் கடையில் பொட்டலம் கிடையாதே!

முதலில் ஒரே ஒரு எழுத்து கற்றுக்கொண்டால் போதும். 'நே'. நாம் வாக்கியத்தின் கடைசியில் "இல்லே?" என்று இழுக்கிறோமே, அதேதான். "அட்ஸுயி தெஸ் நே" என்றால் "என்ன வெயில், இல்லே?" குளிர் நாளில் "ஸமுயி தெஸ் நே." இரண்டுக்கும் பதில் "ஸோ தெஸ் நே" - "ஆமாம், இல்லே!" வெயில் அடிப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். சேர்ந்து தலையாட்டத்தான் இந்தப் பேச்சே. "எங்க ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

அவள் பேசும்போது சும்மா கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. பாட்டி கதை சொன்னால் 'உம்' கொட்டுவோமே, அப்படி "ஹாய்", "ஸோ தெஸ் கா" என்று நடுநடுவே கொட்டவேண்டும். இதற்கு 'ஐஸுச்சி' என்று பெயர். பட்டறையில் இரண்டு கொல்லர்கள் மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல்லாம். எத்தனை பொருத்தம் பாருங்கள்!

வாசலில் பார்த்தால், "ஒதேகாகே தெஸ் கா?" என்பார்கள். கிளம்புகிறவளிடம் "எங்கே?" என்று கேட்காமல், "தூரமா?" என்று நாம் கேட்பதில்லையா, அதே மரியாதை. ரேஷன் கார்டு விவரமெல்லாம் வேண்டாம். "ச்சொத்தோ ஸொகோ மதே" - "இதோ, இங்கேதான்." விஷயம் முடிந்தது.

நாம் இரண்டு வார்த்தை பேசியதுமே "ஜப்பான் பாஷை பிரமாதமாகப் பேசறீங்களே!" என்று புகழ்வார்கள். அது உபசாரம். "இயே, மதமத தெஸ்" - "ஐயோ, இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

குழந்தை இருந்தால் பாதி வேலை மிச்சம். இங்குள்ள கியோஸென் பார்க்கில் இலவச மிருகக்காட்சி சாலை உண்டு. பெங்குவினுக்கு முன்னால் நிற்கும் வேறொரு தாயிடம், "நன் ஸாய் தெஸ் கா?" என்று குழந்தையின் வயதைக் கேட்கலாம். "கவாயி" என்று கொஞ்சலாம். உச்சரிப்பில் மட்டும் ஜாக்கிரதை! 'கொவாயி' என்றால் பயமாயிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். சம்பளம், வாடகை, "அடுத்தது எப்போ?" - இதெல்லாம் மூச்சு விடக் கூடாது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கவேண்டாம். 2011 மார்ச் 11 பூகம்பத்தன்று டோக்கியோவில் ரயில்கள் நின்று, ஏராளமானோர் மணிக்கணக்கில் நடந்தே வீடு திரும்பினார்கள். அப்படியொரு நாளில், கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறவளின் கதவைத் தட்டி, "வாம்மா, நமக்கு ஒதுங்க அந்தப் பள்ளிக்கூடம்தான்" என்று கூப்பிட, வெயிலைப் பற்றிப் பேசிய எதிர்வீட்டுக்காரிதானே வரவேண்டும்?

ஆரம்பிக்க நல்ல இடம், குப்பை வைக்கும் மூலை. குறிப்பிட்ட கிழமையில், காலையில் எல்லோரும் பையோடு வருவார்கள். காக்காய் கிளறாமலிருக்கப் பையின் மேல் வலை போடவேண்டும். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். காக்காய்க்கு அங்கே பெயர் 'கராஸு'. அதையும் சேர்ந்தே திட்டலாம்!