வேலை பார்த்த இடத்துக்கே விருந்தாளியாக... திண்டிவனம் பக்கத்தில் ஒரு கழுவெளி!

சஃபாரி என்றதும் முதுமலையும் தேக்கடியும்தான் நினைவுக்கு வரும். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில் மரக்காணம். அதற்குத் தெற்கே, மரக்காணம், வானூர் வட்டங்களில் விரிந்து கிடக்கிறது கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

இங்கே ஜீப் கிடையாது, மரவீடு கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், கோரை, சேறு. அவ்வளவுதான். ஆனால் ஐப்பசி மழை இறங்கியதும் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். பூநாரை, கருவால் மூக்கன், பிறகு கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும் இந்தக் கொசு உள்ளான், சைபீரியாவின் வட கோடியிலிருந்து பறந்து வருகிறது!

ஏன் இங்கே வருகின்றன? சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி, உபரி நீர் கழுவெளிக்கு வருகிறது. இன்னொரு பக்கம், முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. ஒரே ஏரியில் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், ஒரு பக்கம் உப்புத் தண்ணீர். ஆழமும் குறைவு. நீண்ட கால் பறவைக்கும் குட்டைக் கால் பறவைக்கும் சாப்பாடு கிடைத்துவிடுகிறது.

உப்புக்கு ஒரு பருவம், பறவைக்கு ஒரு பருவம்

மரக்காணத்தின் இன்னொரு முகம் உப்பளம். தை, மாசியில் பாத்தி கட்டினால், புரட்டாசி வரை வேலை ஓடும். மழை வந்தால் வேலை நின்றுவிடும். அதாவது, தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மாதங்களில்தான் பறவைகள் இறங்குகின்றன.

உப்பு வாரியவர்கள், வலை வீசியவர்கள், ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள்... இப்படி இந்த மண்ணில் பிழைத்தவர்களின் அடுத்த தலைமுறையில் பலர் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குப் போகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு, அப்பா கால் பதித்த சேறு இன்று சுற்றுலா இடம். 2021-ல் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 5,151 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பு. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

பெருமைதான். ஆனால் ஒரு கேள்வியும் இருக்கிறது. ஏரியை நம்பிப் பிழைத்தவர்கள் இனி எங்கே நிற்பார்கள்? கரைக்கு வெளியே வேடிக்கை பார்க்கவா?

தேக்கடி சொன்ன பதில்

தேக்கடியில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. பெரியார் புலிகள் காப்பகத்தில் திருட்டுத்தனமாக வயணா மரப்பட்டை உரித்து விற்றவர்கள், 1990-களின் இறுதியில் வனத்துறையோடு கைகோத்தார்கள். ஒளிந்து ஒளிந்து நடந்த அதே காட்டுக்குள் வழிகாட்டிகளாகத் திரும்பினார்கள். சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப் போகிறார்கள், காவலுக்கும் போகிறார்கள். எந்தப் பாதையில் திருடன் வருவான் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன!

கழுவெளிக்காரர்கள் திருடர்கள் அல்ல, உழைத்தவர்கள். எந்த மாதம் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவுக்குச் சம்பளம் கிடைத்தால் ஏரியும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்.

வழிகாட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை பாடுவது, திண்டிவனம் வட்டாரத்தை உள்ளடக்கிய ஓய்மாநாட்டைத்தான். வள்ளல் நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். போய் வந்தவன்தான் சரியான வழிகாட்டி!

போவதற்கு முன்...

* நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல நேரம். விடியற்காலையில் போவது நல்லது.
* தங்க திண்டிவனம் அல்லது புதுச்சேரி.
* பைனாகுலர், தொப்பி, தண்ணீர் அவசியம். பிளாஸ்டிக் வேண்டாம், பாட்டுச் சத்தமும் வேண்டாம்.
* படத்துக்காகப் பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள். அவை ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து வந்து ஓய்வெடுக்கின்றன.

உங்கள் வீட்டுத் தாத்தா அந்தப் பக்கத்து உப்பளத்திலோ ஏரியிலோ வேலை பார்த்தவர் என்றால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேரப்பிள்ளைகள் போனில் பறவையின் பெயர் தேடுவதற்குள், ஊரில் அதை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவர் சொல்லிவிடுவார்.