நடுவரின் குறிப்பேடு

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை, நகரக் கல்லூரியில் பயிலும் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் இரண்டு பகடைகளோடு பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, நீங்கள் எங்களுக்காக ஓர் உலகத்தைப் படைக்க வேண்டும்" என்றார். ஐம்பது வயதைக் கடந்த குருவிடம் கேட்கத்தக்க உதவியா இது என்று திகைத்தேன்.

அது பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' அதன் முன்னோடி. 1977இல் மார்க் மில்லர் அமைத்த 'டிராவலர்' விண்வெளியைக் களமாகக் கொண்டது. இவ்விளையாட்டில் வென்றவர், தோற்றவர் என்பதில்லை. நடுவர் சூழ்நிலையை விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரமாக நின்று, செய்யப்போவதைச் சொல்வார்கள். விளைவு உறுதியற்ற இடத்தில் பகடை உருளும்.

விண்கலம் உடைந்து, நாகரிகம் எட்டாத கோளொன்றில் ஐவர் ஒதுங்குவதாகக் கதை அமைத்தேன். ஜூல்ஸ் வெர்ன் 1874-75இல் எழுதிய 'மர்மத் தீவு' நினைவுக்கு வந்தது. கருவி ஏதுமின்றித் தீவில் விழுந்தவர்கள், இரு கடிகாரக் கண்ணாடிகளுக்கிடையே நீரை அடைத்து, வெயிலைக் குவித்துத் தீ மூட்டுவார்கள். உடுப்பின் மடிப்பில் சிக்கிக்கிடந்த ஒற்றைக் கோதுமை மணியை விதைத்துப் பயிராக்குவார்கள். பற்றாக்குறையே கதையை வளர்க்கிறது. எனவே என் ஐவருக்கும் ஒரு கத்தி, ஒரு கயிறு, ஒரு மருந்துப்பெட்டி மட்டுமே விட்டுவைத்தேன். முடிவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: அங்கே 'அறியாமையில் வாழும்' மக்களுக்கு இவர்கள் இரும்புத்தொழில் கற்பிப்பார்கள், மழைக்கு முன் மலையேறித் தீ வளர்த்து மீட்கப்படுவார்கள்.

மூன்றாம் மாலை பகடை வேறு வழி சொன்னது. பொறியாளரின் கால் முறிந்தது. மருத்துவராக இருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், "நான் இவரோடு தங்குகிறேன்" என்றார். வெள்ளம் வருகிறது என்றேன். உணவு தீர்ந்தது என்றேன். அவர் அசையவில்லை. "சாமி, நாங்கள் எங்கே போகவேண்டும் என்று முன்னரே எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

குறிப்பேட்டை மூடினேன். அக்கேள்வி விளையாட்டோடு நிற்கவில்லை. அவரை ஒரு சொல்லும் கேளாமல், அவரைக் குருமடத்திற்கு அனுப்புவதாக அவருடைய பெற்றோருடன் பேசி முடித்திருந்தேன்.

குருமடத்தில் நாங்கள் பயின்ற பழைய வழக்கொன்று உண்டு. இறையருளும் மனித விருப்பமும் எவ்வாறு இயைகின்றன என்பது குறித்துத் தொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் உரோமையில் ஆண்டுக்கணக்காக வாதிட்டனர். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பர் தீர்ப்பேதும் வழங்காமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யலாகாது என்று கூறி அனுப்பிவைத்தார். அன்று தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தேன். படைத்தவரே மனிதருக்கு விட்டுவைத்த உரிமையை, ஒரு குறிப்பேட்டை வைத்திருந்த நான் பறிக்க முயன்றேன் என்பது அம்மாலையில்தான் உறைத்தது.

விளையாட்டு தொடர்ந்தது. எழுதாத ஒன்றை நான் சொல்லவேண்டியதாயிற்று: அக்கோளின் மக்கள் மூங்கிற் பத்தைகளோடும் பச்சிலையோடும் வந்து, முறிந்த காலைக் கட்டினார்கள். கற்பிக்கப்பட வேண்டியவர்கள் என்று நான் குறித்துவைத்தவர்களே கற்பித்தார்கள்.

மறுநாள் திருப்பலிக்குப்பின் அம்மாணவரைத் தனியே அழைத்து, அவர் விருப்பம் என்ன என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். "இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, சாமி. யோசித்துச் சொல்கிறேன்" என்றார்.

இதை எழுதும் இந்நாள்வரை அவர் விடை கூறவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. காத்திருக்கிறேன்.