மாமாவின் பதக்கப் பெட்டி

எங்கள் நெய்வேலியில் யாரிடம் விலாசம் கேட்டாலும் 'இத்தனாவது வட்டம்' என்றுதான் தொடங்குவார்கள். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்ட பிறகு எழுந்த நகரம் அல்லவா? மரங்களும் தோட்டமுமாக வீடுகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால், ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டும். வரும் வருஷம் எங்கள் முறை. அதற்காகப் பரணை ஒழித்தபோதுதான் அந்தத் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா கீழே இறங்கியது.

உள்ளே, பழைய வேஷ்டித் துண்டில் சுற்றிய ஐந்து பதக்கங்கள். என் மாமனாருடையவை.

மாமா 1966-ல் மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்தவர். நீலகிரி வெல்லிங்டனில் பயிற்சி. 1971 டிசம்பரில், பங்களாதேஷ் பிறந்த அந்தப் போரில், கிழக்கு முனையில் இருந்தார். 1976-ல் ஊர் திரும்பி, சில காலம் கழித்து நெய்வேலியில் காவல் வேலைக்கு வந்து சேர்ந்தார். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். பேரப்பிள்ளைகள் நச்சரித்தால், "ஆத்துல இறங்கி நடந்தோம். குளிரா இருந்துச்சு" என்பார், அவ்வளவுதான். அவர் மறைந்து ஆறு வருஷமாகிறது.

"இதைப் போய் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோமே! கண்ணாடி மூடி போட்டு ஒரு மரப்பெட்டி செய்யப் போகிறேன்" என்றார் என் கணவர். பட்டறையில் பழகிய கை, சும்மா இருக்குமா?

"சுவரில் மாட்டுகிற மாதிரியா?" என்று கேட்டேன்.

"சுவர் நமக்குச் சொந்தமில்லையே! போகிற இடமெல்லாம் கூடவே வரணும். பெட்டிதான்."

மரத்துக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சம் கிடையாது. வீணை செய்கிறவர்கள் தேடி வந்து வாங்கும் பண்ருட்டிப் பலா இருக்கிறதே! இழைத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வருஷம் ஆக ஆகப் பழுப்பேறி அழகு கூடும். மந்தாரக்குப்பத்துத் தச்சர் ஒருவர், நன்றாகக் காய்ந்த பலகையாகப் பார்த்துக் கொடுத்தார். பச்சை மரம் வளைந்துவிடும் என்பது மட்டுமல்ல. அதிலிருந்து கசியும் புளித்த ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி உலோகத்தை அரித்துவிடுமாம். மெருகெண்ணெய் பூசிய பிறகும், வாசனை போகும்வரை பல நாள் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தோம்.

உள்ளளவு நீளம் பன்னிரண்டு அங்குலம், அகலம் ஆறு, ஆழம் ஒன்றரை. பதக்கத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் பத்து, இரு ஓரங்களிலும் ஓர் அங்குலம். அடியில் விரிக்கக் கம்பளித் துணி வாங்கலாம் என்றேன் நான். கம்பளியில் கந்தகம் இருக்கிறது, உலோகம் கறுத்துவிடும் என்று தடுத்துவிட்டார். மாமாவின் பருத்தி வேஷ்டி ஒன்றைக் கஞ்சி போகத் துவைத்து விரித்தோம்.

பதக்கங்களுக்கு வரிசை உண்டு. பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாக முதலில் பூர்வி ஸ்டார், அடுத்து சங்கிராம் பதக்கம், சைன்ய சேவா பதக்கம், 1972-ல் சுதந்திர வெள்ளிவிழாவுக்குக் கொடுத்தது, கடைசியில் ஒன்பதாண்டுச் சேவைக்கானது. நட்சத்திரம் ஒன்றைத் தவிர மற்றவை வட்டம். வட்டத்தின் விளிம்பில் மாமாவின் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் இருந்தன.

எனக்குக் கை துறுதுறுத்தது. "கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடுமே!" என்றேன். பெண்களாகிய நமக்கு அதுதானே முதலில் தோன்றும்! தேய்க்கத் தேய்க்க எழுத்தும் போய்விடும் என்று அதற்கும் தடை. மெல்லிய துணியால் துடைத்தால் போதுமாம்.

அப்படித் துடைக்கும்போதுதான் அவர் நிறுத்தினார். "இது என்ன, சங்கிராம் பதக்கத்தின் விளிம்பில் ஒரு வெட்டு? அரத்தால் ராவின மாதிரி இருக்கே. இதை மட்டும் லேசாகத் தேய்த்துச் சரி பண்ணிடறேன்."

"அதைத் தொடாதே தம்பி!"

திடுக்கிட்டுத் திரும்பினோம். இத்தனை நாளும் பெட்டி வேலையை ஊஞ்சலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்த அத்தை எழுந்து நின்றார்.

"அது நான் பண்ணின காரியம்" என்றார்.

மாமா பட்டாளத்திலிருந்து வந்து, வேலை கிடைக்காமல் இருந்த நாட்கள். என் கணவருக்கு அப்போது ஒன்பது வயது, விஷக் காய்ச்சல். மருந்துக்குப் பணமில்லை. மாமா வேலை தேடி வெளியூர் போயிருந்தார். பெட்டியில் வெள்ளையாக மின்னியவற்றை வெள்ளி என்று நினைத்து, முந்தானையில் முடிந்துகொண்டு அத்தை அடகுக் கடைக்குப் போயிருக்கிறார்.

"கடைக்காரர் கல்லுல உரசினாரு, அரத்தால ஒரு கீறு கீறினாரு. 'இது வெள்ளி இல்லேம்மா'ன்னு கையில திருப்பிக் குடுத்துட்டாரு. எனக்குத் தரையில புதைஞ்சிடலாம் போல இருந்துச்சு. அப்புறம் பித்தளை அண்டாவை வெச்சுத்தான் மருந்து வாங்கினேன்."

செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் அது. விலை இல்லாததால் தப்பித்தது!

"மாமாவுக்குத் தெரியுமா, அத்தை?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒரு குடியரசு நாளுக்குக் குத்திக்க எடுத்தாரு. அந்தக் கீறலை விரலால தடவிப் பார்த்தாரு; என்னையும் பார்த்தாரு. 'எங்கேயோ உரசிடுச்சு போலிருக்கு'ன்னு மட்டும் சொன்னாரு. அன்னியிலேர்ந்து அதைக் குத்திக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிட்டுக் குத்தச் சொல்லுவாரு. நான் சொல்லவும் இல்லை, அவரு கேட்கவும் இல்லை."

என் கணவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். யாருக்காக விழுந்த கீறல் அது என்று அவருக்குச் சொல்லவா வேண்டும்? வெகுநேரம் பேசாமல் இருந்தவர், ஊசியில் நூல் கோத்து அத்தையிடம் நீட்டினார். "நீங்களே தைச்சு வைங்கம்மா."

குண்டூசி துருப்பிடிக்கும் என்பதால் நாடாக்களைத் துணியோடு தைப்பதாகத்தான் ஏற்பாடு. எண்பதை நெருங்கும் அத்தை, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஐந்தையும் தைத்தார். கீறல் விழுந்த விளிம்பை மறைக்கவில்லை. மேல் பக்கமாகவே திருப்பி வைத்தார்.

நாடாக்களின் சாயம் வெளுக்காமல் இருக்க, பெட்டி இப்போது வெயில் படாத அலமாரியில் இருக்கிறது. சிறு பூட்டும் உண்டு. சாவி யாரிடம் என்று கேட்கிறீர்களா?

"பயப்படாதேம்மா, இனிமே அடகு வைக்க மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே அத்தை அதை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார்.