பின்பனிக் காலத்தில் நெடுந்தீவு

('நான் பெற்ற களப்பணி அனுபவம்' என்னும் தலைப்பிலான மாதிரிக் கட்டுரை)

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே அமைந்துள்ள தீவுகளுள் மக்கள் வாழும் மிகத் தொலைவான தீவு நெடுந்தீவு ஆகும். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவுக்குத் தரைவழி கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து ஒரு மணி நேரம் அளவில் படகில் செல்லவேண்டும். வனவிலங்கு ஆய்வுக் குழுவொன்றின் களப்பணியாளனாக, மாசி பங்குனி ஆகிய இரு மாதங்கள் அத்தீவிலே தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

மேலைநாட்டார் மார்ச் மாதத்தை இளவேனிலின் தொடக்கம் என்பர். தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலத்துக்கு உரியன. நெடுந்தீவில் இக்காலம் இரண்டு மாற்றங்களின் சந்திப்பாக இருக்கின்றது. மாரியில் வந்து தங்கிய பறவைகள் வடக்கே திரும்ப ஆயத்தமாகின்றன. மாரி மழை நிரப்பிச் சென்ற நீர்நிலைகள் வற்றத் தொடங்குகின்றன.

அதிகாலை ஐந்து மணிக்கே எமது வேலை ஆரம்பமாகும். துவிச்சக்கரவண்டி, தொலைநோக்கி, குறிப்பேடு, இரண்டு போத்தல் தண்ணீர் ஆகியனவே எமது உபகரணங்கள். கண்ட இடம், நேரம், எண்ணிக்கை, நடத்தை ஆகிய நான்கையும் நின்ற இடத்திலேயே எழுதிவிடவேண்டும் என்பது குழுவின் விதி. அறைக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் பத்து இருபதாகிவிடும்.

கரையோரச் சேற்றில் உள்ளான்கள் கூட்டமாக இரை தேடும். அவற்றுள் வளைந்த சொண்டுடைய ஒரு வகை, மாரியிலே சாம்பல் நிறமாக இருக்கும். பங்குனியில் அதன் மார்பு செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். 60 கிராம் அளவே நிறையுள்ள அப்பறவை முட்டையிடுவது சைபீரியாவின் உறைபனி வெளியிலாகும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிலே கடற்காகங்களுக்குக் கருவி பொருத்திக் கண்காணித்தபோது, அவை 2021ஆம் ஆண்டில் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையைச் சென்றடைந்தமை தெரியவந்தது. நமது கரையின் சேறு பாழாகுமாயின் அதன் விளைவு அங்கும் தெரியும்.

எனினும் எமது முதன்மையான வேலை குதிரைகளைப் பற்றியதே. போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளை ஒல்லாந்தர் இங்கு பெருக்கி வளர்த்தனர். பிரித்தானியர் காலத்தில் அவ்வளர்ப்புக் கைவிடப்பட, எஞ்சியவை காட்டுக் குதிரைகளாயின. தீவின் தென்பகுதி வெட்டவெளியில் அவை சிறு சிறு மந்தைகளாகத் திரிகின்றன. ஒவ்வொரு மந்தைக்கும் ஓர் ஆண்குதிரை தலைமை வகிக்கும். பெண்குதிரைகளும் குட்டிகளும் அதனுடன் சேர்ந்திருக்கும். நெற்றியின் வெள்ளை, காலின் வெள்ளை, காதின் கிழிவு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பதிந்தோம்.

நெடுந்தீவின் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் அக்கல்லின் துவாரங்களூடாக இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலெழும்பிவிடும். ஆகையால் நல்ல தண்ணீர்க் கிணறு அத்தீவிலே ஒரு செல்வமாகும். கிணற்றிலே மனிதன் வாளியால் அள்ளலாம். குதிரை என்ன செய்யும்?

பங்குனி நடுப்பகுதியில், நான் நாள்தோறும் பார்த்துவந்த கேணி வற்றிப்போயிற்று. வெள்ளை நெற்றிப் பெண்குதிரையொன்று காய்ந்த சேற்றை முன்காலால் கிளறியது. அதன் குட்டி பக்கத்தில் தலை தாழ்த்தி நின்றது. எமது பணி அவதானிப்பது மட்டுமே. தண்ணீர் வைத்தால் குதிரைகளின் இயல்பான நடமாட்டம் மாறிவிடும், பதிவுகளும் பிழைத்துவிடும். வைக்காவிட்டால் அக்குட்டி பிழைக்குமா என்பது ஐயம்.

அன்று மாலை முதியவர் ஒருவர் தம் மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். குதிரைகள் சற்றுத் தூரத்தில் காத்து நின்றன. மாடுகள் குடித்து முடிந்ததும் அவர் தொட்டியை மீண்டும் நிரப்பிவிட்டு விலகி நடந்தார்.

"அப்பு, உங்கட கிணறும் வத்துதல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. என்ர மாட்டுக்கு நான் இறைப்பன். உதுகளுக்கு ஆர் இறைக்கிறது?" என்றார்.

அன்றிரவு எமது குழு நெடுநேரம் விவாதித்தது. "இவை வந்தேறிய விலங்குகள், இயற்கையின் போக்கில் விடுவோம்" என்றார் ஒருவர். "மனிதன் கொண்டுவந்து கைவிட்ட விலங்குக்கு மனிதனுக்குப் பொறுப்பில்லையா?" என்று மற்றொருவர் கேட்டார். இறுதியில் ஊர் இளைஞர்களுடன் சேர்ந்து, மூன்று இடங்களில் தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்புவதென முடிவாயிற்று. தொட்டி வைத்த நாள் முதலான பதிவுகளைத் தனிக் குறிப்பேட்டில் எழுதினோம். குடிநீர்க் கிணறுகளில் பாரம் ஏறாதவாறும், மந்தைகள் ஒன்றோடொன்று மோதாதவாறும் அவ்விடங்களைத் தெரிவு செய்வதற்கு, அதுவரை நாம் குறித்து வைத்த நடமாட்ட வரைபடமே உதவியது. ஆண்குதிரைகள் இரண்டு ஒரு தொட்டிக்காகக் கடித்துச் சண்டையிட்டதைக் கண்டு, அதனை மட்டும் தூர இடமாற்றினோம்.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. நான் தீவை விட்டுப் புறப்படும்போது அக்குட்டி தாயுடன் புல் மேய்ந்துகொண்டிருந்தது. வேறொரு மந்தையில் முதிய பெண்குதிரையொன்று இறந்துபோனது. இரண்டையும் பதிவு செய்தோம்.

நெடுந்தீவில் 2015ஆம் ஆண்டு தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. பிரகடனம் அவசியமானது, ஆனால் அதனால் கேணி நிரம்பாது. எத்தனை குதிரைகள், எந்த மாதத்தில், எங்கே தண்ணீர் தேடுகின்றன என்பதை அறிந்தவர்களாலேயே அவற்றைக் காப்பாற்ற முடியும். மாணவர்களாகிய நாமும் எமது ஊர்க் குளத்துக்கு வரும் பறவைகளையும் அதன் நீர்மட்டத்தையும் திகதியிட்டு எழுதிவரலாம். அதற்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் பொறுமையும் போதும்.