வதந்தியின் பிறப்பு

கடலூரினின்று விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடி என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறம் முந்திரித் தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. மேற்கே சற்றுத் தொலைவில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அங்கே தன் மூட்டையை இறக்கி வைப்பவன், தான் கொணர்ந்த செய்தியையும் உடன் இறக்கி வைப்பான். இன்று வழிப்போக்கர் பேருந்தில் விரைகின்றனர். செய்தியோ கைப்பேசியின் வழியே அவரினும் விரைகின்றது. ஆயினும், செய்தியைக் கேட்கும் மனித உள்ளம் பண்டு இருந்தவாறே இருக்கின்றது.

மழைக்கால இரவொன்றில் இத்தகைய ஊருக்கு வரும் ஒருவன், “ஏரி மதகில் நீர் கசிகிறதாம்” என்று கடைக்காரரிடம் கூறுகின்றான் எனக் கொள்க. அடுத்த தெருவில் அது, “மதகு பிளந்துவிட்டது” என்றாகும். மூன்றாம் தெருவில், “ஏரி உடைந்துவிட்டது” என்றாகும். கறுப்பாக வாந்தி எடுத்தவனைக் காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று ஊரார் பேசிய கதையை அறியாதார் யார்? இங்குப் பொய் சொன்னவரைத் தேடினால் ஒருவரும் அகப்படார். ஒவ்வொருவரும் பிறரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு எச்சரித்தவரே. எனினும், நல்லவர் பலர் கூடிய இடத்தில் பொய்யொன்று பிறந்துவிட்டது. தனி மனிதனின் எண்ணமும் செயலும் பிறர் சூழலில் எவ்வாறு மாறுகின்றன என்று ஆராயும் கல்வியே சமூக உளவியல் எனப்படும்.

அப்பெயர் தாங்கிய நூல்கள் இரண்டு 1908-ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒன்றினை இங்கிலாந்தில் வில்லியம் மக்டூகல் என்பவரும், மற்றொன்றினை அமெரிக்காவில் எட்வர்டு ராஸ் என்பவரும் எழுதினர். இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-ஆம் ஆண்டிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ஆம் ஆண்டிலும் உளவியல் துறைகள் தோன்றின. இக்கல்விக்கு இந்திய மண்ணும் அரியதொரு கொடையை அளித்துள்ளது.

1934-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் பிற்பகலில் பீகாரிலும் நேபாளத்திலும் பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முங்கேர், முசாபர்பூர் ஆகிய நகரங்கள் பாழாயின. அவ்வேளையில் ஜமுனா பிரசாத் என்னும் உளவியலறிஞர் மக்களிடையே உலவிய வதந்திகளைத் திரட்டினார். அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் கண்ணாற் காணாத இடங்களிலிருந்து அவை திரட்டப்பட்டன. கங்கையின் நீர் மறைந்தது என்றும், நீராடியோர் மணலிற் புதைந்தனர் என்றும் மக்கள் பேசினர். பாட்னாவைக் கொடும்புயல் தாக்கும் என்றனர். சந்திர கிரகணத்தன்று நிலம் மீண்டும் நடுங்கும் என்றனர். பிப்ரவரி 26-ஆம் நாள் பிரளயமே வரும் என்றனர். இவற்றையெல்லாம் தொகுத்துப் பிரசாத் 1935-ஆம் ஆண்டில் ஆய்வுரையாக வெளியிட்டார்.

1950-ஆம் ஆண்டில் டார்ஜிலிங் மலைப்பகுதியில் பெரும் நிலச்சரிவுகள் நேர்ந்தன. அங்கு உலவிய செய்திகளைத் துர்கானந்த் சின்கா என்பவர் ஆராய்ந்தார். வீடு சரிந்ததையும் உயிர் மாண்டதையும் நேரிற் கண்ட மக்கள், இன்னும் பெரிய கேடு வரும் என்று கதை கட்டவில்லை. நடந்ததைச் சற்று மிகைப்படுத்திக் கூறியதே உண்டு. அழிவின் நடுவில் இருந்தோரைக் காட்டிலும் அழிவைக் காணாதோரே கொடிய கற்பனைகளில் ஆழ்ந்தது வியப்பன்றோ?

அமெரிக்க அறிஞர் லியான் பெசுடிங்கர் இப்புதிரை ஆராய்ந்தார். பாட்னா மக்களின் நெஞ்சு நடுங்கிற்று. ஆனால் கண்ணெதிரே தெருவும் வீடும் பெரும்பாலும் நின்றவாறே நின்றன. அச்சம் உள்ளது, அஞ்சத்தக்க பொருளோ காணப்படவில்லை. ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரண்டையும் சுமத்தல் மனத்துக்கு அரிது. ஆகவே, தன் அச்சத்துக்கேற்ற காரணத்தை அது தானே படைத்துக்கொள்கின்றது. எனவே, வதந்தி அச்சத்தை விளைப்பதினும், முன்னரே விளைந்த அச்சம் வதந்தியைப் பெற்றெடுப்பதே மிகுதி. உளமுரண்பாடு பற்றி 1957-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு இந்த இந்திய ஆய்வுகள் துணைநின்றன.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. வீழ்ந்த மரத்தின் அருகே நிற்பவனுக்கு அஞ்சுவதற்குக் கற்பனை வேண்டுவதில்லை. காற்றின் ஓசையை மட்டும் இருளிற் கேட்டவனுக்கே அது வேண்டும்.

ஆல்போர்ட்டு, போஸ்ட்மன் என்னும் இருவர் 1947-ஆம் ஆண்டில் வதந்தியின் இயல்பை வேறொரு வகையிற் காட்டினர். ஒருவர் ஒரு படத்தைக் கண்டு மற்றவருக்குக் கூறுவார். அவர் தாம் கேட்டதை அடுத்தவருக்குக் கூறுவார். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் செய்தியின் நுட்பங்களில் பத்தில் ஏழு பங்கு மறைந்தன. எஞ்சியவை கேட்டோரின் விருப்பு வெறுப்புக்கேற்ப உருமாறின. செய்தி முக்கியமானதாகவும் தெளிவற்றதாகவும் இருந்தாலன்றி வதந்தி வளராது என்பது அவர்கள் கண்ட முடிபு.

வதந்தி வெறும் வேடிக்கை அன்று. 2018-ஆம் ஆண்டில் குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி தமிழகத்தின் வடமாவட்டங்களிற் கைப்பேசிகள் வழியே பரவியது. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் அருகே, கோயில் வழிபாட்டுக்குக் குடும்பத்தோடு வந்த முதிய பெண்மணி ஒருவர் வழியிற் கண்ட குழந்தைகளுக்கு இனிப்பு அளித்தார். அன்பின் அச்செயலே ஐயத்துக்கு இடமாயிற்று. கூடியவர்கள் தாக்க, அம்மூதாட்டி உயிரிழந்தார். தம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணியவர்களே பழிக்கு ஆளாயினர். உருவமற்ற அச்சம் அங்கும் தனக்கோர் உருவத்தைத் தேடியது. வழிவந்த விருந்தினரின் உருவமே அதற்கு அகப்பட்டது.

அஞ்சுவோரை இகழ்வதால் வதந்தி அடங்காது. இகழ்ச்சி அவர்தம் அச்சத்தை மறைக்குமேயன்றி மாற்றாது. தெளிவான செய்தியைக் காலத்தில் அளிப்பதே மருந்தாகும். மதகில் நீர் கசிகிறது என்று கேட்டவன், விளக்கொன்றை ஏந்தித் துணையோடு சென்று மதகைப் பார்த்து வருவானாயின், ஊர் நிம்மதியாக உறங்கும். உண்மையிலேயே கசிவு இருப்பினும் காலத்தில் அடைபடும். கேட்டதைப் பிறருக்குக் கூறுமுன், “இதனைக் கண்டவர் யார்?” என்று வினவுதல் சிறு செயலே. அச்சிறு வினா ஓர் உயிரையும் காக்க வல்லது. பிறர் மனத்தை ஆராயத் தொடங்கிய இக்கல்வி, முடிவில் ஒவ்வொருவரும் தம் மனத்தையே ஆராயுமாறு செய்கின்றது. அதுவே அதன் பெரும்பயன்.