சித்தப்பா காமிராவும் மூணு மில்லி செகண்டும்

ஷட்டர் என்றால் நமக்கெல்லாம் முதலில் ஞாபகத்துக்கு வருவது கடை ஷட்டர்தான். கந்தர்வக்கோட்டை கடைத்தெருவில் காலையில் நின்று பாருங்கள். ஒரு கடையிலாவது ஷட்டர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் மாட்டிக்கொண்டு கோணலாக நிற்கும். கடைக்காரர் ரெண்டு தட்டு தட்டுவார், ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவுவார், ஏறிவிடும். காமிராவுக்குள்ளேயும் ஒரு ஷட்டர் இருக்கிறது. அதுவும் மாட்டிக்கொள்ளும். ஆனால் அங்கே தட்டவும் கூடாது, கிரீஸும் கூடாது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க எங்க வீட்டில் எனக்கு ரெண்டு நாள் பிடித்தது!

எங்க குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எது நின்றாலும் "படிக்கிற புள்ள பாக்கட்டும்" என்று என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். மிக்ஸி, மோட்டார், பக்கத்து வீட்டு ஆயாவின் செல்போன், எல்லாம். "நான் மெக்கானிக்கல், அது எலக்ட்ரானிக்ஸ்" என்று சொன்னால், "ரெண்டும் காலேசுதானே?" என்பார்கள். என்ன பதில் சொல்ல?

அப்படித்தான் சித்தப்பாவின் காமிராவும் வந்தது. சித்தப்பா முன்னே முந்திரித் தோப்பு குத்தகைக்கு எடுத்தவர். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலில் எங்க பக்கத்து முந்திரி மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மரம் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம்! அவர் குத்தகையை விட்டுவிட்டு, வட்டிக்கு வாங்கி, பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கி, கல்யாணப் படம் எடுக்கப் போனார். அந்தக் காமிராதான் இப்போது அவர் தோப்பு.

போன ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு மூணு நாள் இருக்கும்போது வந்தார். "தம்பி, மெமரி கார்டு கெட்டுப் போச்சுடா போல, பாரு" என்றார். பொண்ணு மாப்பிள்ளையைத் தோப்புக்குக் கூட்டிப்போய் வெயிலில் எடுத்த அவுட்டோர் படங்கள். எல்லாப் படத்திலும் மேலே கறுப்புப் பட்டை. பட்டப்பகலில் வானம் மட்டும் ராத்திரி! சிலதில் மாப்பிள்ளை தலையும் அந்த ராத்திரிக்குள் போய்விட்டது. நடுநடுவே திரையில் 'எர்ர்' என்று வந்து நின்றுவிடுமாம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ஓடுமாம். காலையில் மோசம், பத்து இருபது படம் எடுத்த பிறகு தேவலையாம்.

கார்டு கெட்டால் படம் திறக்காது, அல்லது கலர் கலராகச் சிதறும். தினமும் ஒரே பக்கத்தில் நேர்க்கோடாகக் கறுக்காது. எதற்கும் கார்டை மாற்றிப் பார்த்தேன். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் பண்ணினேன், அது குறைந்தாலும் எர்ர் வரும். லென்ஸ் கழட்டி காண்டாக்டுகளை உலர்ந்த துணியால் துடைத்தேன். லென்ஸுக்குள் இருக்கும் அபெர்ச்சர் தகடும் சில சமயம் எண்ணெய் பட்டு ஒட்டும், ஆனால் அப்போது படம் முழுக்க வெளுத்துப் போகும், பட்டை விழாது. ஆக, குற்றவாளி ஷட்டர்தான் என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் போதாதே, நிரூபிக்க வேண்டாமா?

எங்க வீட்டுப் பின்சுவர் சுண்ணாம்பு அடித்தது. நல்ல வெயில். பிளாஷை அணைத்துவிட்டு, சுவரையே ஒவ்வொரு வேகத்திலும் படம் எடுத்தோம். 1/60-ல் சுத்தம். 1/125-ல் மேலே லேசாக மங்கல். 1/500-ல் மேலே மூணில் ஒரு பங்கு கறுப்பு. 1/1000-ல் மூணில் ரெண்டு பங்கு கறுப்பு. வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அது கணக்குப் போட்ட மாதிரியே இருந்தது!

பெயர்தான் டிஜிட்டல் காமிரா. ஷட்டர் மட்டும் நம்ம டிபார்ட்மெண்ட். ஸ்பிரிங், லீவர், மெல்லிசான தகடு, பிடித்து நிறுத்த மின்காந்தம். சென்சாருக்கு முன்னால் ரெண்டு திரை. பட்டனை அமுக்கினால் முதல் திரை மேலிருந்து கீழே ஓடித் திறக்கும். குறிப்பிட்ட நேரம் கழித்து ரெண்டாம் திரை அதே திசையில் ஓடி மூடும். ஒரு திரை கடக்க நாலு மில்லி செகண்டுக்கு முன்னே பின்னே ஆகும். அதனால் வேகம் கூடினால் ரெண்டு திரைக்கும் நடுவே ஒரு கீற்றுதான் திறந்திருக்கும். இந்த மாதிரிக் காமிராவில் சென்சார் உயரம் சுமார் 15 மில்லிமீட்டர். நாலு மில்லி செகண்டில் 15 மில்லிமீட்டர் என்றால், 1/4000 வேகத்தில் அந்தக் கீற்று ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. கீறின தீப்பெட்டியிலிருந்து வெளிச்சம் ஓடுகிற மாதிரி ஒரு கோடு ஓடித்தான் நம்ம முகம் பதிவாகிறது!

இப்போது முதல் திரை எங்கேயோ ஒட்டிக்கொண்டு, ஓட்டத்தின் முடிவில் மூணு மில்லி செகண்டு பிந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/60 என்றால் கிட்டத்தட்ட 17 மில்லி செகண்டு. பதினேழில் மூணு போனால் கண்ணுக்கே தெரியாது. 1/500 என்றால் ரெண்டே ரெண்டு மில்லி செகண்டு. மூணில் ரெண்டு பங்கு தூரம் போவதற்குள் ரெண்டாம் திரை வந்து தொட்டுவிடும், மிச்சத்துக்கு வெளிச்சமே கிடைக்காது. லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தானே விழவைக்கிறது? அதனால் பெட்டிக்குள் கீழ்ப்பக்கம் நடந்த தாமதம் படத்தில் மேல்பக்கம் கறுக்கிறது. சுவரில் நாங்கள் பார்த்ததும் இதேதான்.

இன்னொரு கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்தது. மண்டபத்துக்குள் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? அங்கே பிளாஷ் போட்டு 1/60, 1/80-ல்தான் எடுப்பார். முதல் திரை முழுசாகத் திறந்த பிறகுதான் பிளாஷ் அடிக்கும். எனவே படம் நன்றாகவே வரும். மண்டபத்தில் ஒளிந்திருந்த நோய் வெயிலில் வந்து மாட்டிக்கொண்டது.

முதல் திரையா, ரெண்டாம் திரையா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அந்தக் காமிராவில் லைவ் வியூ போட்டு எடுக்கும்போது, முதல் திரை வேலையைச் சென்சாரே மின்னணு முறையில் செய்ய ஒரு வசதி இருந்தது. அதில் 1/500-ல் சுவரை எடுத்தோம். பட்டை காணோம்! ஆக ரெண்டாம் திரை நல்லவர்.

கண்ணாடியின் ஓரத்தை மெல்லத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது, சாம்பல் நிறத் தகட்டின் ஓரத்தில் பளபளவென்று ஒரு கறுப்புக் கோடு. எண்ணெய் மாதிரி ஏதோ கசிந்து ஓரத்தில் பிசினாகியிருந்தது.

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. கடைத்தெருவில் ஒருவர் சித்தப்பாவிடம், "ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர் ஸ்பிரிட் ஊற்றிக் கழுவச் சொன்னார். சித்தப்பாவுக்கு அவசரம். முகூர்த்தம் ரெண்டு நாளில், முன்பணம் ஏற்கெனவே வட்டிக்குப் போய்விட்டது. "நீ மெக்கானிக்கல் படிக்கிறவன்தானே, கழட்டு" என்கிறார். ஷட்டர் தகடுகள் உலர்ந்துதான் ஓட வேண்டும், எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டும் என்று சொன்னால், "ஓடுற சாமான் எல்லாத்துக்கும் எண்ணெய் வேணும்டா" என்கிறார். நம்ம ஒர்க் ஷாப்பில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே!

அம்மாதான் காப்பாற்றினார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். அந்தத் தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும் என்பதால் கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். "பிசுக்கு மேல எதையாச்சும் ஊத்துனா கரையாதுடா, பரவும். ஒரு விரல்ல இருந்தது அஞ்சு விரலுக்கும் போகும்" என்றார். சித்தப்பா அதற்கு அப்புறம் பேசவில்லை. நான் ரெண்டு நாளாகச் சொன்னதும் இதைத்தான், ஆனால் என் கையில் கறுப்பு இல்லையே!

கழட்டமாட்டேன் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே உள்ள குட்டி பிளாஷுக்காக உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. சுமார் 300 வோல்ட் வரை ஏறும். பேட்டரியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கும். செல்போன் பிரிக்கிற தைரியத்தில் யாரும் இதைப் பிரிக்காதீர்கள்.

அந்தக் கல்யாணத்தை இப்படி ஓட்டினோம். மண்டபத்துக்குள் பிளாஷோடு 1/60, அதற்கு மேல் போகவே கூடாது. வெளியில் லைவ் வியூ. காலையில் முதல் படத்துக்கு முன் இருபது முப்பது வெத்துக் கிளிக். அப்படியும் தாலி கட்டும்போது திரை முழுசாக நின்றுவிட்டால்? அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்பக் கட்டச் சொல்லி எடுக்க முடியாதே. அதனால் புதுக்கோட்டையில் தெரிந்த ஒருவரிடம் இன்னொரு காமிரா இரவல் வாங்கி என் கழுத்தில் மாட்டிவிட்டார். நாதஸ்வரம் வேகம் எடுத்தபோது என் கை நடுங்கியது உண்மை. எர்ர் ஒரே தடவை வந்தது, பந்தியில்.

மறுநாள் ரெண்டு பேரும் திருச்சி போனோம். சர்வீஸ் செய்பவரிடம் சுவர்ப் படங்களை வரிசையாகக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "யாரு எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். ஷட்டர் யூனிட்டை முழுசாக மாற்ற ஆறாயிரம் சொன்னார். சித்தப்பா முகம் சுருங்கியது. துடைத்துக் கொடுக்கலாம், ஆனால் கசிவு உள்ளேயிருந்து வருவதால் ஒரு மாதத்தில் திரும்ப ஒட்டும் என்றும் அவரே சொன்னார். மாற்றினோம்.

இது ஏதோ பழைய காமிராவின் தலையெழுத்து என்று நினைக்காதீர்கள். 1987-ல் கேனான் இஓஎஸ் வரிசையைத் தொடங்கியபோது வந்த பிலிம் காமிராக்கள் சிலவற்றில், ஷட்டர் மோதி நிற்க வைத்த சின்ன மெத்தை வருஷம் போகப்போகத் தார் மாதிரி உருகித் தகட்டில் ஒட்டியது. நிகான் டி750-ல் படத்தின் ஒரு பகுதி கறுப்பதாகக் கண்டு, 2015-ல் அந்தக் கம்பெனியே அறிவித்து, குறிப்பிட்ட காமிராக்களுக்கு இலவசமாகப் பழுது பார்த்தது. அதே கம்பெனி 2021-ல் கொண்டுவந்த இசட்9 மாடலில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. நம்ம டிபார்ட்மெண்டை அங்கேயிருந்து கிளப்பிவிட்டார்கள்! ஆனால் நம்ம ஊர் மண்டபங்களில் ஓடுவது இன்னும் நிறைய பழைய காமிராக்கள்தான்.

சித்தப்பா இப்போது மாதம் ஒரு தடவை எங்க பின்சுவரைப் படம் எடுக்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை முதலில் அடிக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். கழட்டிய பழைய ஷட்டர் யூனிட்டை நான் கேட்டு வாங்கி வந்து ஒரு டிபன் டப்பாவில் வைத்திருக்கிறேன். முதல் திரையைக் குச்சியால் தள்ளினால் போகும் வழியில் ஒரு இடத்தில் நின்று, யோசித்து, பிறகு போகும். பார்க்க வேண்டுமென்றால் மெக்கானிக்கல் வகுப்புக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள். கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.