குட்டி சுவிட்ச்

பழைய கார் வைத்திருப்பவரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா? நான் மாட்டினேன். இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போனபோது, ஷெட்டில் 1972-ம் வருஷத்து எம்.ஜி.பி. ஒன்று வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. மாப்பிள்ளை அதற்கு ஓவர்டிரைவ் மாட்டிக்கொண்டிருந்தார்.

‘‘கியர்பாக்ஸ் ஏத்தியாச்சு மாமா. வயரிங் உங்க டிபார்ட்மென்ட்’’ என்றார். மின்சாரத்தோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

ஓவர்டிரைவ் என்பது கியர்பாக்ஸுக்குப் பின்னால் உட்காரும் ஒரு குட்டிப் பெட்டி. உள்ளே நடுவில் சூரியன், சுற்றிலும் கிரகங்கள் என்று பல்சக்கரங்கள். சுவிட்சைத் தட்டினால் சோலினாய்டு உயிர் பெற்று, எண்ணெய் அழுத்தம் ஏறி, சூரியன் நகராமல் பிடிக்கப்படும். சக்கரத்துக்குப் போகும் தண்டு, இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும். எட்கர் டி நார்மன்வில் என்பவர் யோசித்தது. ஷெஃபீல்டில் லேகாக் கம்பெனி செய்தது. நம்மூர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகமிருக்கிறதா? அதன் பிரிட்டிஷ் பூர்வீகமான ஸ்டாண்டர்டு கம்பெனிதான் முதலில் இதைத் தன் கார்களில் பொருத்தியது.

வயரிங் சுலபம். இக்னிஷனிலிருந்து வெள்ளை வயர், ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச், அப்புறம் மஞ்சள் வயர், சோலினாய்டு. இடையில் கியர்பாக்ஸ் தலையில் இன்னொரு குட்டி சுவிட்ச். மூன்றாவது, நான்காவது கியரில் மட்டும் கரன்ட்டை விடும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், எந்த கியரிலும் விடவில்லை. காருக்கடியில் படுத்து அதைக் கழற்ற என் முதுகு சம்மதிக்கவில்லை. இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டேன்.

‘‘எந்த கியர்ல போறோம்னு டிரைவருக்குத் தெரியாதா?’’ என்றேன். மாப்பிள்ளை ஒரு நொடி யோசித்து, ‘‘சரி மாமா’’ என்றார்.

நெடுஞ்சாலையில் 70 மைல் வேகம். சுவிட்சைத் தட்டினார். 3,900-ல் நின்ற முள் 3,200-க்கு இறங்கியது. அதுவரை கத்திக் கத்திப் பேசிய நாங்கள் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். மாப்பிள்ளை இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, பானெட்டைத் தூக்கி, என் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

‘‘சூடாயிருக்கான்னு பார்த்தேன் மாமா.’’

அந்த சோலினாய்டு இழுக்கும் கரன்ட்டுக்கு ஃபியூஸ் சூடாகாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ராத்திரி மேனுவலைப் புரட்டினேன். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் போட்டால், உள்ளேயிருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தக் குட்டி சுவிட்ச்.

சப்-ஸ்டேஷனில் இதற்கு இன்டர்லாக் என்று பேர். பிரேக்கர் ஆனில் இருக்கும்போது ஐசொலேட்டரைத் திறக்க விடாது. அதை பைபாஸ் பண்ணிய ஒரு பையனை, ‘‘உனக்குத் தெரியும்கிறதாலதான்டா அதை வெச்சிருக்கான்!’’ என்று எல்லோர் எதிரிலும் கிழித்தவன் நான். அவன் முகம் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை முதுகைப் பார்க்காமல் காருக்கடியில் படுத்தேன். சுவிட்சின் உள்பக்கம் அழுந்தவே இல்லை. ஒரு ஃபைபர் வாஷரை எடுத்ததும் உயிர் வந்துவிட்டது.

மாப்பிள்ளை டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை ஏன் என்று கேட்கவே இல்லை.